சந்தனப் பொட்டு வைத்த டிஸ்க்

என் மனைவியின் குரல் எங்கள் வீட்டில் உடுப்பு அலுமாரிக்குப் பக்கத்தில், ஒரு கறுப்புப் பெட்டிக்குள் இருந்தது. சப்பாத்துப் பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய பெட்டி. அதற்குள் நாலு டிஸ்க். தொண்டையில் ஒப்பரேசன் செய்வதற்கு முன்பு அவள் பேசிப் பதிந்து வைத்த பாடங்கள் அத்தனையும் அந்த நாலுக்குள்ளும் பரவிக் கிடந்தன. ஒப்பரேசன் நல்லபடியாக முடிந்தது. கட்டி போனது, கூடவே குரலும் போனது. இப்போது அவள் வாயைத் திறந்தால் காற்று வரும், காற்றுக்குப் பின்னால் கொஞ்சம் கரகரப்பு வரும். பக்கத்தில் இருந்தால் விளங்கும். குசினியிலிருந்து கூப்பிட்டால் விறாந்தைக்குக் கேட்காது. அதனால் சோறு ஆனதும் அகப்பையால் கதவு நிலையில் தட்டுவாள். இரண்டு தட்டு என்றால் சாப்பாடு. நிறுத்தாமல் தட்டினால் நான் ஏதோ பிழை செய்திருக்கிறேன்.

மார்கழி மழைக்குள் அந்தப் பெட்டி படுத்துவிட்டது. அதை எப்படி எழுப்பினேன் என்று ஊருக்குள் நான் சொல்லித் திரியும் கதை ஒன்று உண்டு. அதில் நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, தேநீரை உறிஞ்சிக்கொண்டு, ஒற்றை விரலால் எல்லாவற்றையும் சரிப்படுத்துவேன். இங்கே எழுதுவது மற்றக் கதை.

அவள் ஆரம்பப் பள்ளி ஆசிரியை. மூன்றாந்தரத்துக்குத் தமிழ் படிப்பிக்கிறாள். குரல் மாறலாம், மாறாமலும் விடலாம் என்று டொக்டர் சொன்ன அன்றே முடிவெடுத்துவிட்டாள். ஒரு வருடத்துக்குரிய பாடம், பாட்டு, கதை, சொல்வதெழுதல் எல்லாவற்றையும் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு ரெக்கோடருக்கு முன்னால் இருந்து பேசித் தீர்த்தாள். ஒப்பரேசனுக்குப் பிறகு, வகுப்பு மேசையில் ஒரு சின்ன ஸ்பீக்கரை வைத்து, பென்டிரைவைச் செருகி, அதை ஓடவிட்டே படிப்பித்தாள். ஸ்பீக்கர் வாசிக்கும். இவள் கண்ணாலும் கையாலும் மிச்ச வேலையைப் பார்ப்பாள். பிள்ளைகள் அந்த ஸ்பீக்கருக்குச் 'சின்ன டீச்சர்' என்று பேர் வைத்துவிட்டார்கள். அதிபர் நல்ல மனிதர். இருந்தாலும் ஒன்று சொல்லி வைத்திருந்தார். இந்த ஏற்பாடு சரிவராமல் போனால் டீச்சர் வகுப்பை விட்டுவிட்டு நூலகத்தைப் பொறுப்பெடுக்கலாமாம். அந்தப் பள்ளியில் நூலகம் என்பது பூட்டுத் துருப்பிடித்த ஓர் அலுமாரி.

பெட்டி ஓடினால் அவளுக்கு வகுப்பு. ஓடாவிட்டால் அலுமாரி.

பெட்டியைக் கட்டியவன் நான். பகலெல்லாம் கச்சேரியில், அரசாங்கக் கோப்புகளுக்கு நடுவில் கிடந்துவிட்டு, பின்னேரங்களில் கொம்பியூட்டர்களைக் கழற்றிப் பூட்டுவது எனக்கொரு வருத்தம். மருந்தில்லாத வருத்தம். நாலு டிஸ்க்கை ஒரு மென்பொருளால் சேர்த்துக் கட்டினால் நாலும் ஓராள் போல நடக்கும். எழுதுவதைப் பங்குபோட்டு எழுதும். ஒன்று செத்தால் மிச்ச மூன்றும் கணக்குப் பார்த்துச் செத்ததன் பங்கையும் சொல்லிவிடும். வீட்டுக்கு வருகிறவர்களுக்கு இதை நான் பாடையை வைத்து விளங்கப்படுத்துவேன்.

"நாலு பேர் பாடை தூக்கிப் போறாங்க. ஒருத்தன் பீடி பத்தப் போயிட்டான். மிச்ச மூணு பேரும் சமாளிப்பாங்கதானே? அதுதான் இது."

இரண்டு பேர் பீடி பற்றப் போனால் என்ன ஆகும் என்று கேட்டது ஒரே ஓர் ஆள், என் மனைவியின் தம்பி. வந்தாறுமூலைக் கம்பசில் கொம்பியூட்டர்களோடு வேலை செய்கிறவன்.

"ரெண்டு பேர் போனாப் பிணம் கீழ விழும் அத்தான். வேற டிஸ்க்கில ஒரு கொப்பி எடுத்து வைங்க."

"ஒராள் போனாப் பெட்டி பீப் பீப் எண்டு கத்தும் மச்சான். உடனே புது ஆளப் போட்டிருவன். நீ உன்ட கம்பசப் போய்ப் பாரு."

கத்தத்தான் செய்யும். ஆனால் அந்தக் கத்தலை நானே பிடுங்கியிருந்தேன். அவள் பாடம் பதிந்த அறையில்தான் பெட்டியும் இருந்தது. கரண்ட் போய் வரும்போதெல்லாம் பெட்டி பீப் என்று கத்தி அவளுடைய கதைக்குள் புகுந்தது. கோழியும், கடலும், பாண் ரொட்டி விற்க வரும் பாண்காரனின் ஓட்டோப் பாட்டும் ஏற்கனவே புகுந்துகொண்டிருந்தன. எங்கள் ஊர் செட்டிபாளையத்தில் கடலை நிறுத்த முடியாது. பாண்காரனை நிறுத்தினால் ஊர் அடிக்கும். நிறுத்தக்கூடியதாக இருந்தது பீப் ஒன்றுதான். கம்பியைக் கழற்றிவிட்டேன். அவள் குரல் துப்புரவாகப் பதிய வேண்டும் என்று, அந்தக் குரலுக்குக் காவல் நின்ற நாயின் வாயைக் கட்டிய ஆள் நான்.

அடுத்தது வாணி விழா. ஆசிரியை வீடென்பதால் எங்கள் வீட்டில் அது பெரிய எடுப்பு. புத்தகம், பேனை, கத்தரிக்கோல், மண்வெட்டி எல்லாம் கும்பத்துக்கு முன்னால் வரிசையாக வரும். அன்று பெட்டியையும் வைப்போம் என்று எனக்கொரு பகிடி தோன்றியது. பெட்டியை அப்படியே வைத்திருந்தால் பரவாயில்லை. நிறுத்தி, நாலு டிஸ்க்கையும் இழுத்தெடுத்து, துணியால் துடைத்து, வாழையிலையில் நிமிர்த்தி வைத்து, மஞ்சள் தண்ணி தெளித்தேன். நானே ஐயர், நானே உபயகாரர். ஒவ்வொரு டிஸ்க்கிலும் ஒரு சின்ன ஓட்டை. அதைச் சுற்றி இங்கிலீசில் ஏதோ அச்சடித்திருந்தது. பொட்டு வைக்க இடம் விட்டு வைத்திருக்கிறான் பார் என்று அதிலேயே சந்தனம் வைத்தேன்.

மனைவி பக்கத்தில் வந்து குனிந்து பார்த்தாள். "என்னமோ எழுதிக் கிடக்கு," என்றாள் அந்தக் காற்றுக் குரலில். "வாசிச்சுப்போட்டு வைங்களன்."

"அது வெள்ளைக்காரன்ட மந்திரம் புள்ள. அத நாம வாசிக்கப்படாது."

அந்த ஓட்டையை மூட வேண்டாம் என்றுதான் அதில் எழுதியிருந்தது. அதைப் பிறகு வாசித்தேன். பிறகு வாசிப்பதில் நான் கெட்டிக்காரன்.

மூன்றாவது டிஸ்க்குக்கு வந்தபோது கையில் சந்தனம் கூடவாக மிஞ்சியிருந்தது. எறிவானேன் என்று அதற்கே அப்பிவிட்டேன். பூசை முடிந்து எல்லாவற்றையும் திருப்பிச் செருகினேன். பெட்டி ஓடியது. நானும் கைதட்டினேன். அப்பிய சந்தனம் மஞ்சள் தண்ணியோடு வழிந்து மூன்றாவது டிஸ்க்கைப் பெட்டியில் செருகும் செப்புப் பல்லுக்குள் இறங்கியிருக்கிறது என்பதும், அது அன்றைக்கே பாடையை விட்டுக் கழன்றுவிட்டது என்பதும் எனக்கு எப்படித் தெரியும்? சொல்ல வேண்டியது பீப். அதன் வாயைக் கட்டியவன் யாரென்று முன்னமே சொல்லியாயிற்று.

மூன்று பேர் தூக்கிக்கொண்டு நடந்தார்கள், மழை வரும்வரைக்கும்.

அந்த வருடம் மழை வழக்கம்போல வந்தது. வாவி ஏறியது, வயல் வட்டைகள் எல்லாம் ஒரே தண்ணியாகக் கிடந்தன, கரண்ட் மின்மினி போல வந்து வந்து போனது. கரண்ட் போனாலும் பெட்டியைத் தாங்க வேண்டிய யூபிஎஸ்ஸின் பற்றரி எப்போதோ செத்து, அதன்மேல் பூச்சாடி ஏறியிருந்தது. பள்ளி விடுமுறை. புதிய வருடத்தின் முதல் தவணைப் பாடங்களை ஏற்றுவதற்காக நான் பென்டிரைவைத் துடைத்து வெறுமையாக்கி வைத்திருந்தேன். ஒரு காலையில் அவள் அதை என் மூக்குக்கு முன்னால் நீட்டினாள்.

"புதுப் பாடத்தப் போட்டுத் தாங்க. நான் ஒருக்காக் கேட்டு ஆயத்தப்படுத்தோணும்."

பெட்டியைத் திறந்தேன். திரையில் ஒன்றுமில்லை. பெட்டிக்குள்ளிருந்து மட்டும் கிடுக், கிடுக் என்று ஒரு சத்தம் வந்தது, வயிறு வற்றிய பல்லி மாதிரி. முதலாவது டிஸ்க். மூன்றாவதுக்குப் பிறகு இவனும் பாடையை விட்டுவிட்டான்.

"என்ன?" என்றாள்.

"அப்டேட் ஆகுது. கொஞ்சம் செல்லும்."

அவள் போய்விட்டாள். நான் கதவைச் சாத்திக்கொண்டேன். இதற்குப் பிறகு நான் செய்தவற்றை ஒரு பகை செய்திருந்தால் பொலிசில் சொல்லியிருப்பேன். பெட்டியை நிறுத்தி எழுப்பினேன், திரும்ப நிறுத்தி எழுப்பினேன். கையால் தட்டினேன். காதை வைத்துக் கேட்டேன். "எலேய், எழும்படா," என்று அதனிடம் கதைத்தேன். போனில் தேடினால், என்னைப் போல உலகமெல்லாம் அழுகிறவர்கள் எழுதி வைத்த கடல். அதில் ஒரு மகான், 'எல்லாவற்றையும் புதிதாக உருவாக்கு என்று கட்டளை கொடுங்கள், எனக்குச் சரிவந்தது' என்று எழுதியிருந்தார். அந்தக் கட்டளையை எழுத்தெழுத்தாக அடித்தேன். கடைசி விசையை அழுத்த விரல் இறங்கும் நேரம் நிலையில் இரண்டு தட்டு கேட்டது. சாப்பாடு. அடித்ததை அப்படியே விட்டுவிட்டு எழுந்து போனேன். திருக்கைக் கறி.  அந்தக் கட்டளையை அழுத்தியிருந்தால் பிணத்தை மட்டுமல்ல, பாடையையும் சேர்த்துக் கொளுத்தியிருப்பேன் என்று பிறகு மச்சான் சொன்னான். என்னைத் தடுத்தது அறிவென்று ஒருவரும் நினைத்துவிடக்கூடாது. இரண்டு தட்டுக் கேட்டால் எனக்குக் கால் தானாக எழும்பும். அவ்வளவுதான்.

சாப்பிட்டு வந்ததும் புதிய ஞானம் பிறந்தது. ஈரம்! வெளியில் மழை, சுவரெல்லாம் கசிவு. தண்ணிக்குள் விழுந்த போனை அரிசிக்குள் புதைத்து வைப்பார்கள்தானே. முதலாவதையும், விளக்கு எரியாமல் கிடப்பதை அப்போதுதான் கண்ட மூன்றாவதையும் உருவி எடுத்துக்கொண்டு, அவள் கிணற்றடிக்குப் போன நேரம் பார்த்து, குசினிக்குள் பூனை மாதிரிப் போய், அரிசி வாளிக்குள் ஆழமாகப் புதைத்துவிட்டு வந்தேன்.

பின்னேரம் அவள் சோற்றுக்கு அரிசி அளக்கச் சுண்டை வாளிக்குள் விட்டிருக்கிறாள். சுண்டு இரும்பில் இடித்திருக்கிறது.

நிலையில் தட்டு விழத் தொடங்கியது. நிற்கவில்லை.

போனேன். அவள் ஒரு கையில் டிஸ்க், மற்றக் கையில் சுண்டு. டிஸ்க்கின் சந்தனப் பொட்டில் இரண்டு அரிசி ஒட்டிக்கொண்டிருந்தது.

"இது என்னத்துக்கு அரிசிக்குள்ள?"

"ஈரம்."

"இதுக்குள்ளயா என்ட பாடமெல்லாம்?"

எனக்கு எந்த இடத்திலும் ஒரு பகிடி வரும். செத்த வீட்டில் வரும், கச்சேரியில் விசாரணைக்குக் கூப்பிட்டால் வரும். அந்த இடத்தில் ஒன்றும் வரவில்லை. தலையை ஆட்டினேன்.

அவள் என்னைப் பேசியிருந்தால் நன்றாயிருந்திருக்கும். பழைய குரலாக இருந்தால் பேசியிருப்பாள், கோழிகள் வேலி தாண்டி ஓடியிருக்கும். அவள் ஒட்டியிருந்த இரண்டு அரிசியையும் விரலால் தட்டி வாளிக்குள் போட்டாள். டிஸ்க்கை என் கையில் தந்தாள். அரிசியை அளந்தாள், கழுவினாள், உலையில் போட்டாள். என் பக்கம் கிறுகிப் பார்க்கவே இல்லை. அடுப்புக்கு முன்னால் அவள் முதுகைப் பார்த்துக்கொண்டு நான் நின்ற நேரம்போல ஒரு நேரம் எனக்கு வாழ்க்கையில் வந்ததில்லை.

அதற்குப் பிறகுதான் மச்சானுக்குப் போன் எடுத்தேன். வந்தாறுமூலைப் பக்கம் ரோட்டில் தண்ணி, அவனால் வர முடியாது.

"ஒண்டையும் தொடாதீங்க அத்தான்," என்றான் முதலில். "தொட்டீங்களா?"

"கொஞ்சம்."

"கொஞ்சமெண்டா?"

"அரிசிக்குள்ள வச்சன்."

போனுக்கு அந்தப் பக்கம் ஒரு மூச்சு. "பச்சையா, புழுங்கலா?"

"மச்சான், பகிடிய விடு. உன்ட அக்கா அழாம இருக்கிறா. எனக்கு அதுதான் பயமாக் கிடக்கு."

அதற்குப் பிறகு அவன் நையாண்டியைக் குறைத்துக்கொண்டான். நிறுத்தவில்லை, குறைத்தான். அவன் சொல்லச் சொல்ல நான் அடித்தேன், திரையில் வந்ததை வாசித்தேன். ஒவ்வொரு டிஸ்க்கும் தான் கடைசியாக எப்போது மற்றவர்களோடு சேர்ந்து வேலை செய்தது என்று தன்னிலேயே எழுதி வைத்திருக்குமாம். மூன்றாவதை மட்டும் எழுப்ப முடியவில்லை. பல்லைப் பார்க்கச் சொன்னான். பார்த்தேன். மஞ்சளாக ஏதோ காய்ந்து, அதன் ஓரத்தில் பச்சைக் களிம்பு பிடித்திருந்தது.

"என்ன மஞ்சள்?"

"சந்தனம்."

"சந்தனம் எங்கால வந்த?"

"வாணி விழா அண்டைக்குப் பூச வச்சன்."

"ஆருக்கு?"

"டிஸ்க்குக்கு."

 லைன் வெட்டுப்பட்டுவிட்டது என்று நினைத்தேன். பிறகு பார்த்தால் ஆள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறான். சிரித்து முடித்து, மூக்கை உறிஞ்சிவிட்டு, "அத்தான், அக்கா இதையெல்லாம் எப்ப பேசின?" என்று கேட்டான்.

"ஒப்பரேசனுக்கு முதல். வாணி விழாவுக்கும் கனகாலம் முதல்."

"அப்ப கேளுங்க. முதலாவது ஆள் முடிஞ்சான், அவன விடுங்க. மூணாவது ஆள் வாணி விழாவோட நித்திரையாப் போனவன். அதுக்கு மறுகா நடந்த ஒண்டும் அவனுக்குத் தெரியா. ஆனா அதுக்கு முதல் நடந்தது எல்லாம் ஞாபகம் இரிக்கும். அவன எழுப்பி, நல்லா இரிக்கிற ரெண்டு பேரோடயும் கட்டாயப்படுத்திச் சேர்த்தா, அக்காட குரல் வரலாம்."

"வராட்டி?"

"முதல்ல புது டிஸ்க் வாங்கி மூணையும் அப்படியே பிரதி எடுங்க. பிரதியிலதான் கை வைக்கோணும். அசல்ல கை வச்சீங்களெண்டா நான் அக்காட பக்கம்."

போனை வைத்துவிட்டு வீட்டில் காசு எவ்வளவு இருக்கிறதென்று எண்ணிப் பார்த்தேன்.

அடுத்த நாள் மழைக்கோட்டைப் போட்டுக்கொண்டு காத்தான்குடிக்குப் போனேன். அங்கே எனக்குப் பழக்கமான ஒரு முஸ்லிம் நண்பரின் கொம்பியூட்டர்க் கடை, அவரைக் காக்கா என்றுதான் கூப்பிடுவேன். நான் போனால் கடையில் சிரிப்புத்தான்.

"என்ன அண்ணன், மௌத்தூட்டுக்குப் போய்வாற முகமாக் கிடக்கு?"

செத்த வீட்டு முகம்தான் என்று விசயத்தைச் சொன்னேன். மனைவியின் குரல் முழுக்க உள்ளே மாட்டிக்கிடக்கிறது, எடுக்க வேண்டும், டிஸ்க் தாருங்கள் என்றேன்.

காக்கா கண்ணைச் சிமிட்டினார். "பொஞ்சாதிர சத்தமில்லாட்டி ஊடு நிம்மதியாத்தானே கிடக்கும்? சும்மா கிடக்கிறத ஏன் அண்ணன் செலவழிச்சு எடுக்கிறீங்க?"

ஒப்பரேசனுக்குப் பிறகு ஊர் முழுக்க நான் சொல்லிச் சிரித்த பகிடி அது. சொல்லுக்குச் சொல் அதே. இந்தக் கடையிலும் நானே சொல்லியிருக்கிறேன், காக்கா என்னுடைய சரக்கைத்தான் எனக்குத் திருப்பித் தருகிறார். சிரிக்க வேண்டியது என் முறை. வாயை விரித்துப் பார்த்தேன், சிரிப்பு வரவில்லை. என் முகத்தில் என்ன கண்டாரோ, காக்கா எழுந்து உள்ளே போனார். டிஸ்க்குகளோடு ஒரு நல்ல யூபிஎஸ்ஸையும் தூக்கி வந்து வைத்தார்.

"இது விக்கிறதுக்கில்ல. கரண்ட் போய்வாற நேரம். வேல முடிஞ்சாக் கொண்டாங்க." பிறகு மெதுவாக, "அல்லாஹ் லேசாக்கித் தருவான் அண்ணன்," என்றார்.

வீட்டுக்கு வந்து மூன்றாவது டிஸ்க்கின் பல்லைத் துப்புரவாக்க உட்கார்ந்தேன். பென்சில் அழிக்கும் ரப்பரால் மெல்லத் தேய்க்கச் சொல்லியிருந்தான் மச்சான். நான் தேய்த்த தேய்ப்பில் பல்லே கழன்றுவிடும் போலிருந்தது. மனைவி பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு வந்து என் கையிலிருந்து டிஸ்க்கை வாங்கினாள். வகுப்பில் பிள்ளைகள் விளையாடும்போது பறித்து வைத்த ரப்பர்கள் அவள் பையில் எப்போதும் கிடக்கும். பழ வடிவ ரப்பர் ஒன்றை எடுத்து, பிள்ளையின் நகம் வெட்டுகிற பதத்தில் ஒவ்வொரு பல்லாகத் தேய்த்தாள். இடைக்கிடை வாயைக் குவித்து ஊதினாள். அந்தத் தொண்டைக்கு ஊதுவதில் ஒரு குறையும் இல்லை.

"எழும்புமா?" என்று கேட்டாள்.

"ஓம்," என்றேன். எனக்குத் தெரியாது.

டிஸ்க் எழும்பியது. மூன்றையும் புதிய டிஸ்க்குகளில் பிரதி எடுத்தேன். திரையில் ஒரு கோடு அட்டை ஊருகிற மாதிரி ஊர்ந்தது. கரண்ட் இரண்டு முறை போனது. காக்காவின் யூபிஎஸ் தாங்கியது. நான் சாமியறைக்கும் பெட்டிக்கும் இடையில் நடந்தேன். நேர்த்தி வைக்கப் போய், இந்தச் சந்தனத்தால்தான் இவ்வளவும் என்று நினைவு வந்து, பாதியில் திரும்பினேன். கோடு முடிந்தபோது மச்சான் போனில் நின்றான்.

"இப்ப 'சேர்' எண்டு அடிக்கிறீங்க. 'உருவாக்கு' எண்டு அடிச்சீங்களெண்டா நானும் முடிஞ்சன், நீங்களும் முடிஞ்சீங்க. வாசிச்சுக் காட்டிப்போட்டு அழுத்துங்க."

வாசித்தேன். திரும்ப வாசித்தேன். அவன் "ம்" என்ற பிறகு கண்ணை மூடிக்கொண்டு அழுத்தினேன். கண்ணைத் திறக்கப் பயமாக இருந்தது. தோளில் ஒரு தட்டு விழுந்தது. மனைவி திரையைக் காட்டினாள்.

எழும்பிவிட்டது. மூன்று பேர், ஒருவன் பழைய நித்திரைக் கலக்கத்தோடு, பாடையைத் தூக்கிக்கொண்டு நின்றார்கள்.

ஆனால் உள்ளே பார்த்தால் பேர்களைக் காணவில்லை. நான் பாடம் பாடமாகப் பேர் வைத்து அடுக்கியிருந்த ஒலிப்பதிவுகள் எல்லாம் வெறும் இலக்கங்களாக ஒரு குவியலில் கிடந்தன. வாணி விழாவுக்குப் பிறகு நடந்தது மூன்றாவது ஆளுக்குத் தெரியாது என்பதால் கணக்குக் குழம்பி, பெட்டி எல்லாவற்றையும் பொறுக்கிக் கொட்டியிருக்கிறது என்றான் மச்சான். எது எந்தப் பாடம் என்று அறிய ஒரே வழி, ஒவ்வொன்றாகக் கேட்பது.

கேட்டோம். அவள் பக்கத்தில் கதிரையைப் போட்டு இருந்தாள். நான் ஒன்றை ஓடவிடுவேன். அவள் இரண்டு சொல் கேட்டதும் பாடத்தின் பேரைக் காற்றாகச் சொல்வாள். நான் அடிப்பேன். பள்ளியில் தினமும் கேட்கிற குரல்தான் அவளுக்கு. அங்கே பிள்ளைகளைப் பார்க்க வேண்டியிருக்கும். இங்கே பார்க்க ஒன்றுமில்லை. கையை மடியில் வைத்துக்கொண்டு, வேறு யாரோ ஒருத்தி படிப்பிப்பதைக் கேட்கிற மாதிரிக் கேட்டாள். முயல் கதையில் முயலாகவும் சிங்கமாகவும் மாறி மாறிப் பேசிய இடத்தில் சுவரைப் பார்த்தாள். நான் திரையைப் பார்த்தேன். முதல் தவணை வந்தது. இரண்டாந்தவணையும் வந்தது. மகிழ வேண்டிய நேரம். நான் அடுத்த இலக்கத்துக்குப் போனேன்.

இரண்டாந்தவணையின் நடுவில் ஒரு பாடம். குரல் பாட்டொன்றை ஆறுதலாகச் சொல்லிக்கொடுக்கிறது. பின்னால் ஒரு கோழி கொக்கரிக்கிறது. குரல் நின்றது. பிறகு அறை அதிர ஒரு சத்தம்.

"இஞ்சேருங்க! அந்தக் கோழியத் துரத்துங்க!"

நான் எழும்பிவிட்டேன். கதிரை பின்னால் விழுந்தது. கதவுவரைக்கும் போயும்விட்டேன். வெளியில் மழை, முற்றத்தில் கோழியும் இல்லை ஒன்றுமில்லை. கைப்பிடியில் கை வைத்தபடி நின்று திரும்பிப் பார்த்தேன். அவள் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் தோள் குலுங்கியது. சிரிக்கிறாள் என்றுதான் முதலில் நினைத்தேன். சிரிக்கவும் செய்தாள். சத்தமில்லாத தொண்டைக்குச் சிரிப்பும் மற்றதும் ஒரே மாதிரித்தான் வரும். நான் கதிரையை நிமிர்த்தி வைத்துவிட்டு உட்கார்ந்தேன். அந்த ஒலிப்பதிவை இலக்கத்தோடேயே விட்டுவிட்டு அடுத்ததை ஓடவிட்டேன்.

கடைசித் தவணைப் பாடங்கள் வரவில்லை.

இலக்கம் இருந்தது, நீளம் இருந்தது. ஓடவிட்டால் கிரீச் என்று ஒரு சத்தம், நடுவில் அரைச் சொல், பிறகும் கிரீச். ஒவ்வொன்றாகத் திறந்தேன். எல்லாம் அப்படியே. காரணம் எனக்குச் சட்டென்று விளங்கியது. விளங்கியதை அவளிடம் சொல்ல நேரமெடுத்தது. வாணி விழா முடிந்து கொஞ்ச நாளில், கடைசித் தவணைப் பதிவுகளில் கோழிச் சத்தம் கூடவாக இருக்கிறதென்று நான் உட்கார்ந்து மென்பொருளால் அந்தச் சத்தத்தை வடித்து ஒவ்வொன்றாகக் கழுவினேன். கழுவியதை வைத்துக்கொண்டு பழையதை அழித்தேன். கழுவியது நித்திரைக்காரனுக்குத் தெரியாது. பழையதை நானே இல்லாமலாக்கிவிட்டேன்.

சொன்னேன். அவள் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"கோழி கிடந்திட்டுப் போகட்டும் எண்டு அப்பவே சொன்னன்தானே," என்றாள்.

சொல்லியிருந்தாள். அந்தக் காற்றுக் குரலில், குசினிப் பக்கமிருந்து. எனக்கு அது கேட்கவில்லையா, கேட்டும் கேட்காத மாதிரி இருந்தேனா என்று இப்போது என்னால் சொல்ல முடியாது.

கிடைத்தவற்றை ஒரு தனி டிஸ்க்கில் கொப்பி எடுத்தேன். மச்சானுக்கு ஒன்று, யூபிஎஸ்ஸைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது காக்காவின் கடை மேசை லாச்சிக்குள் ஒன்று. செத்த முதலாவதன் இடத்தில் புதிய டிஸ்க்கைப் போட்டேன். பெட்டி தன்னைத்தானே திருப்பிக் கட்டத் தொடங்கியது. பீப்புக்குரிய கம்பியையும் பூட்டிவிட்டேன். பழைய டிஸ்க்குகளின் பொட்டை மட்டும் துடைக்கவில்லை. துடைக்கப் போய் இன்னொன்றைக் கெடுத்துவிடுவேன் என்ற பயம்.

மழை விட்டுவிட்டுப் பெய்துகொண்டிருந்த ஒரு காலையில் அவள் பாடப் புத்தகத்தையும் ரெக்கோடரையும் தூக்கிக்கொண்டு அந்த அறைக்குள் வந்தாள். கடைசித் தவணையின் முதல் பாடத்தை விரித்தாள்.

"இந்தக் குரலிலயா?" என்றேன்.

"வேற குரல் இரிக்கா?"

மைக்கை அவள் வாய்க்குக் கிட்டப் பிடிக்க வேண்டியிருந்தது. நான் பிடித்தேன். கை நடுங்கக்கூடாது, மூச்சுச் சத்தம் வரக்கூடாது, முக்கியமாகப் பகிடி விடக்கூடாது. அவள் வாசித்தாள். ஒவ்வொரு சொல்லும் காற்றுக்குள்ளால் தட்டுத்தடுமாறி வந்தது. ஸ்பீக்கரை எவ்வளவு கூட்டி வைத்தாலும் கடைசி வாங்கில் இருக்கும் பிள்ளைக்கு இது கேட்காது என்று எனக்குத் தோன்றியது. முதல் இரண்டு தவணையும் ஒரு டீச்சர், கடைசித் தவணை வேறு டீச்சர் என்று பிள்ளைகள் நினைக்கலாம். அதிபரும் என்னவாவது நினைக்கலாம். நான் மைக்கைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

வேலிக்கப்பால் பாண்காரனின் ஓட்டோப் பாட்டுக் கேட்டது. நிறுத்துவதற்கு என் விரல் ரெக்கோடருக்குப் போனது. அவள் புத்தகத்திலிருந்து கண்ணை எடுக்காமலே என் விரலைப் பிடித்துத் தள்ளிவிட்டு, அடுத்த வரியை வாசித்தாள். ஓட்டோ எங்கள் படலைக்கு நேராக வந்து, பாட்டோடு கொஞ்ச நேரம் நின்று, ஒருவரும் வராததால் அங்கால போனது. அவள் வாசித்துக்கொண்டே இருந்தாள்.